காட்டுக்கு ஏற்ற குரல்

பனாமா மழைக்காட்டில் தரையோரம் வாழும் பறவைகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் நீளமாக விசிலடிக்கும். அங்கிருந்து புல்வெளிக்கு வந்தால் பாட்டே வேறு: கிர்ர்ர் என்று விரைந்து அதிரும். இது ஏன் என்று ஆராய்ந்தவர் யூஜின் மார்ட்டன். ஒலிபெருக்கியில் பல சுருதிகளை ஒலிக்கவிட்டு, தூரம் போகப்போக ஒவ்வொன்றும் எவ்வளவு தேய்கிறது என்று காட்டிலும் வெளியிலும் அளந்து பார்த்தார். 1975-ல் முடிவுகள் வெளிவந்தன. காட்டின் அடித்தளத்தில் சுமார் 1,500 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிதான் அதிகம் தேயாமல் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள பறவைகளின் குரலும் பெரும்பாலும் அந்த அளவையொட்டியே இருந்தது.

காரணம் இலைகளில் இருக்கிறது. 8,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 சென்டிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு சின்ன இலையின் அகலம். வழியிலுள்ள இலையெல்லாம் அதைச் சிதறடித்துவிடும். 2,000 ஹெர்ட்ஸ் அலை 17 சென்டிமீட்டர். அது இலைகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ரொம்பவும் தாழ்ந்த குரலை, தரைக்கு அருகே, மண்ணே விழுங்கிவிடும். அடுத்தது எதிரொலி. காலிக் கல்யாண மண்டபத்தில் படபடவென்று பேசினால் ஒரு சொல்மேல் இன்னொன்று விழுந்து எதுவும் புரியாதே, மரத்தண்டுகளுக்கு நடுவே வேகமான பாட்டுக்கும் அதே கதிதான். நீண்ட விசிலுக்கு அந்தத் தொல்லை குறைவு. புல்வெளியில் எதிரொலி கிடையாது, ஆனால் காற்று குரலை விட்டுவிட்டுக் கலைக்கும். ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப விரைந்து பாடினால் இடைவெளியில் ஏதாவது ஒன்று போய்ச் சேரும்.

பாட்டு எப்படி அமைகிறது என்பதில் இடம் மட்டுமல்ல, உடலளவு, அலகு, பூச்சிகளின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. கோஸ்டா ரிகாவின் லா செல்வா காட்டில் சிள்வண்டுகள் கத்தத் தொடங்கியதும் பல பறவைகள் பாடுவதையே நிறுத்திவிடுகின்றன.

பாட்டுக்கும் இடத்துக்குமான இந்தப் பொருத்தம் தலைமுறைகளுக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். பாட்டைக் கேட்டுக் கற்கும் இனங்களில் குஞ்சு தெளிவாகக் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மங்கிப்போன பாட்டு நாளடைவில் வழக்கொழியும். ஆனால் பனாமாவின் புள்ளி எறும்புப் பறவை கற்பதே இல்லை. தன் இனத்தின் பாட்டைக் கேட்காமல் மனிதர் வளர்த்த குஞ்சுகளும் சரியாகவே பாடின. அவற்றின் பாட்டு பிறப்பிலேயே வருவது. இயற்கைத் தேர்வால் மெல்லத்தான் மாறும். மரம் வெட்டிக் காடு மாறும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது.