உவர்நீரும் உப்பும்: இணையப் பக்கங்களிலிருந்து தரவுகளைப் பிரித்தெடுத்தல்

மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் ஒரே பாத்தியில் உப்பாகிவிடுவதில்லை. முன்பாத்திகளில் வெயிலால் வற்றிச் செறிவடைகையில் உப்புக்கு முன்னரே ஜிப்சம் படிகிறது. செறிந்த நீரே உப்பு விளையும் பாத்திக்குச் செல்கிறது. மெக்னீசியம் மிகுந்த கசப்புநீர் இறுதியில் வடிக்கப்படுகிறது. இணையப் பக்கங்களும் இத்தகைய உவர்நீரே. அவற்றில் கரைந்துள்ள பெயர்களையும் எண்களையும், நிரல் எழுத அறியாத ஆயர்களும் மாணவர்களும் பிரித்தெடுக்க இன்று வழியுண்டு.

இக்கரையோரச் சபைகளின் வரலாற்றை எழுத முற்படும் மாணவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஊர்ப்பட்டியல் ஒன்று இணையப் பக்கத்தில் அட்டவணையாக இருக்குமாயின், கூகுள் ஷீட்ஸில் 'இம்போர்ட்எச்டிஎம்எல்' என்னும் வாய்பாட்டை இட்டு, பக்கத்தின் முகவரியையும், வேண்டுவது எத்தனையாவது அட்டவணை என்பதையும் குறித்தால் போதும். வரிசைகள் தாமே வந்து நிரம்பும். கடினம் இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

மரக்காணம் பழைய பட்டியல்களில் தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னையவற்றில் விழுப்புரம் மாவட்டத்திலும் காணப்படும். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானதை அறிந்த நமக்கு இரண்டும் ஓரூரே. கணினிக்கோ அவை ஈரூர்கள். ஆங்கிலத்தில் இவ்வூர்ப் பெயரை ஒரு 'கே' இட்டு எழுதுவாரும் உளர், இரண்டு இட்டு எழுதுவாரும் உளர். 2006இல் டிம் பெர்னர்ஸ்-லீ இணைப்புத் தரவுகளுக்கு வகுத்த நெறிகளுள் முதலாவது இச்சிக்கலையே கருதுகிறது: ஒவ்வொரு பொருளுக்கும் பெயராகத் தனித்த ஓர் அடையாள முகவரி வேண்டும். 2012இல் தொடங்கப்பெற்ற விக்கித்தரவு, ஒவ்வொரு பொருளுக்கும் 'கியூ' எழுத்தோடு கூடிய எண்ணொன்றை வழங்குகிறது. 'மரக்காணம் – அமைந்துள்ள மாவட்டம் – விழுப்புரம்' என்று மூன்றுறுப்புகளாய்ச் செய்தி அமையும்போது, அதன் உறுப்புகள் பிற செய்திகளோடு தாமே இணைகின்றன.

அட்டவணையிலுள்ள பெயர்களுக்கு அவ்வெண்களைச் சேர்க்க ஓப்பன்ரிஃபைன் என்னும் இலவச மென்பொருள் உதவுகிறது. அது ஒத்த எழுத்துவடிவங்களைத் தொகுத்துக் காட்டும். விக்கித்தரவோடு ஒப்பிட்டுப் பொருத்தமானவற்றை முன்மொழியும். முன்மொழியும் என்கிறோம்; முடிவு செய்வது நம் கடன். தமிழ்நாட்டில் புதுப்பாக்கங்கள் பல. சோம்பலினால் அனைத்தையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டால், ஓர் ஊரின் மக்கள் மற்றோர் ஊரின் கணக்கில் சேர்வர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய கரை இது. இங்கே அத்தகைய பிழை, ஒரு குப்பத்தின் இறந்தோரை வேறொரு குப்பத்தில் எழுதிவிடும். உதவிப் பட்டியலிலிருந்து ஒரு குடும்பத்தையே விலக்கியும்விடும்.

உதவி பெறுவோரின் பெயர்கள் ஏதேனுமொரு பக்கத்தில் வெளிப்படையாய்க் கிடப்பதாலேயே அவற்றை எடுத்தாளும் உரிமை நமக்கு வந்துவிடாது. தனிநபர்த் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தையும் திருச்சபை அலுவலகங்கள் அறிந்திருத்தல் நலம். ஊர், ஆண்டு, கட்டடம் ஆகியவற்றோடு மாணவர் தொடங்கட்டும். ஒவ்வொரு வரிசையிலும் செய்தி எடுக்கப்பட்ட பக்கத்தின் முகவரிக்கும் நாளுக்கும் இரண்டு பத்திகளை முதலிலேயே ஒதுக்குவாராக. பின்னர் அவற்றை நிரப்புவது பெரும்பாலும் இயலாது.