ஒரே தோடு, இரண்டு சட்டம்

அடகுக்கடைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றால், "எதுக்கு? அதான் வட்டிக்கு வரம்பு இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. டீ ஆறுவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அடகு பிடிப்போர் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1943-இல் வந்தது. உரிமம் வாங்கித்தான் கடை நடத்த வேண்டும், வைத்தவருக்கு ரசீது தர வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், வட்டி வரம்பைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்துக்கு நல்ல சட்டம்தான்.

இப்போது அதே தோட்டை வங்கியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ வையுங்கள். அங்கே ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் அறிவித்த விதிகள். 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். உங்கள் கண்முன்தான் உரசிப் பார்க்க வேண்டும். மொத்த எடை, கல்லுக்குக் கழித்தது, நிகர எடை, தரம் எல்லாம் எழுதித் தர வேண்டும், அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில். கடனை அடைத்த 7 வேலைநாளுக்குள் நகை கைக்கு வராமல், தாமதம் அவர்களுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலம் போட்டால் தொடக்க விலை நகை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது (இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85). கடன் போக மிஞ்சியது உங்களுக்கு.

இவை எதுவும் தெருமுனை அடகுக்கடையைக் கட்டுப்படுத்தாது. அங்கே போகிறவர் யார்? காலையில் ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ நாலாயிரம், ஐயாயிரம் உடனே வேண்டியவர். கெடு தாண்டினால், "நகை மூழ்கிப்போச்சும்மா" என்ற ஒரு வார்த்தையோடு பலருக்குக் கதை முடிகிறது. எந்த ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று அவர் கேட்பதே இல்லை. நெருக்கடி அதிகம் உள்ளவருக்குக் காப்பு குறைவு என்பது அநியாயம்.

கடைக்காரருக்கும் குறை உண்டு. திருட்டு நகை என்று போலீஸ் எடுத்துப் போனால், கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பாது. யார் வைத்தார் என்பதற்கு அடையாளச் சான்றும் புகைப்படமும் சட்டமே கேட்டால், நேர்மையான கடைக்காரருக்கு அது கவசம்.

டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வட்டிக்கடன் தொழில் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சென்னைச் சட்டப்பேரவையே திருத்தலாம். நாலைந்து பிரிவு போதும்.

அது வரும்வரை, அடகு வைக்கும்போது ரசீதில் நிகர எடை, கல் கழிவு, வட்டி, கெடு நாள் நான்கும் எழுதி வாங்காமல் கடைப்படி இறங்காதீர்கள்.