வாழ்க்கையை அளக்கும் கோல்

அளவு இன்றி உலக நடைமுறை இல்லை. ராஜபாளையத்து ஆலைகளில் நூலின் மென்மையை எண்ணைக் கொண்டு கூறுவர். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஓர் இராத்தல் எடை நிற்குமாயின், அது நாற்பதாம் எண் நூல் எனப்படும். எண் உயர உயர நூல் மெல்லியதாகும். அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவைத் தராசில் நிறுத்து விற்பர். அவ்வூர்க் கோபுரம் பதினொரு நிலைகளை உடையது என்று எண்ணிக் கூறுவர். இவையெல்லாம் கண்ணால் காணத்தக்க பொருள்கள். தீரா நோயுற்ற ஒருவர் தம் வாழ்க்கை எவ்வாறு இருக்கிறது என்று உணர்வதை அளக்க இயலுமா? இயலும் என்பதே இன்றைய மருத்துவ அறிவியல் கூறும் விடை.

நாம் கையை உயர்த்த வேண்டுமாயின் மூளையின் கட்டளை நரம்பின் வழியே சென்று தசையை இயக்குதல் வேண்டும். நரம்பிலோ, நரம்பும் தசையும் கூடும் இடத்திலோ, தசையிலோ குறை நேர்ந்தால் அந்த இயக்கம் தளரும். இவ்வகை நோய்களை நரம்புத்தசை நோய்கள் என்பர். தசைச்சிதைவு நோய் இவற்றுள் ஒன்று. அதன் கடுமையான வகை, அதனை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் பெயரால் வழங்குகிறது. இது பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும். தசைகளைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடலில் இல்லாமையே இதன் காரணம் என்பதை 1987-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். தளர்ச்சியின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

மருத்துவர் நோயாளியின் தசை வலிமையைச் சோதிக்கிறார். எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்று பார்க்கிறார். மூச்சின் அளவைக் கருவியால் அறிகிறார். இவை மிகவும் வேண்டப்படுவனவே. ஆயினும், அந்நோயாளிக்கு நண்பர் உண்டா, அவர் மனநிறைவோடு உறங்குகிறாரா, வீட்டை விட்டு வெளியே செல்ல அவருக்கு வழி உண்டா என்பனவற்றை இக்கருவிகள் கூறமாட்டா. அவற்றை அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

இவ்வாறு கேட்பதற்குரிய பொதுவான வினாநிரல் ஒன்றை வகுக்கும் பணியை உலக சுகாதார நிறுவனம் 1991-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரு நாட்டில் எழுதி, பிற நாடுகளுக்கு மொழிபெயர்த்து அனுப்பும் பழைய வழியை அது விரும்பவில்லை. உலகின் 15 மையங்களில் ஒரே காலத்தில் ஆய்வு நடைபெற்றது. அவற்றுள் நம் சென்னையும் ஒன்று என்பது நாம் மகிழத்தக்க செய்தி. நோயாளரும் நலமுள்ளோரும் மருத்துவப் பணியாளரும் கூடிப் பேசி, நல்வாழ்க்கைக்கு வேண்டியவை எவை என்று ஆராய்ந்தனர். பல நாடுகளிலிருந்தும் திரண்ட ஏறத்தாழ 1,800 வினாக்களைச் சலித்து, 100 வினாக்களைத் தேர்ந்தனர். பின்னர் 26 வினாக்கள் கொண்ட சுருக்கமும் உருவாயிற்று.

இச்சுருக்கம் உடல், உள்ளம், உறவு, சூழல் என்னும் நான்கு துறைகளைப் பற்றியது. கடந்த இரண்டு வாரங்களை நினைந்து, ஒவ்வொரு வினாவிற்கும் ஐந்து விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. அவற்றைத் துறைவாரியாகக் கூட்டி, நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவர். நரம்புத்தசை நோயாளர்க்கெனவே 45 வினாக்கள் கொண்ட தனி நிரலொன்றை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தளர்ச்சி, வலி, களைப்பு ஆகியவை அன்றாட வாழ்வை எவ்வளவு தாக்குகின்றன என்பதை அது வினவுகிறது.

இவ்வளவையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தசைத் தளர்ச்சியால் சக்கர நாற்காலியில் இயங்கும் இளைஞர் இருவர் உள்ளனர் என்று கொள்வோம். இருவர் வலிமையும் சமமே. ஒருவர் ராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அவர் வீட்டு வாயிலில் சாய்தளம் உண்டு. மாலையில் நண்பர்கள் வருவர். மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வரும் வீதியிலேயே வாழ்கிறார். ஆனால் வாயிலில் மூன்று படிகள். ஆடிப்பூரத் தேர் வீட்டெதிரே செல்லும்போதும் அவர் உள்ளறையிலிருந்து ஓசையைத்தான் கேட்கிறார். உடல் துறையில் இருவர் மதிப்பெண்ணும் நெருங்கியே இருக்கலாம். உறவிலும் சூழலிலும் வேறுபாடு பெரிதாக இருக்கும். நோய்க்கு மருந்து இல்லை. ஆனால் மூன்று படிகளை மாற்ற மருந்து வேண்டுவதில்லை, கொத்தனார் ஒருவர் போதும். எங்கே உதவினால் வாழ்வு உயரும் என்பதை அளவை இவ்வாறு சுட்டிக் காட்டுகிறது.

மற்றோர் உண்மையையும் இவ்வகை ஆய்வுகள் உணர்த்தின. மூச்சுக் கருவியின் துணையால் வாழும் டுஷேன் நோயாளர் பற்றிய ஆய்வொன்று 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அவர்களுடைய வாழ்க்கை நிறைவை மருத்துவப் பணியாளர் மதிப்பிட்டதினும், அவர்கள் தாமே கூறிய நிறைவு மிகுதியாக இருந்தது. பிறர் வாழ்வைப் பார்த்த அளவில், “இதுவும் ஒரு வாழ்வா?” என்று இரங்குவது பிழை என்பதை இது காட்டுகின்றதன்றோ? இரக்கம் நல்லதே, கேளாமல் முடிவு செய்வது நல்லதன்று.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தசைச்சிதைவையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. பொதுக் கட்டடங்கள் யாவரும் எளிதில் செல்லத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. சட்டம் வழி வகுக்கும். அவ்வழியில் நடக்க வேண்டியவர் நாமே. நம் வகுப்பில், நம் தெருவில் இத்தகைய நண்பர் ஒருவர் இருப்பின், அவருக்கு என்ன வேண்டும் என்று நாமே எண்ணிக்கொள்ளாமல் அவரிடம் கேட்போமாக; அவர் கூறும் விடையைப் பொறுமையுடன் செவிமடுப்போமாக. வாழ்க்கையை அளக்கும் கோலுக்கு அடிப்படையும் அதுவே.