பதின்மூன்று தேர்தல், பதின்மூன்று எம்.பி.

தருமபுரி நாடாளுமன்றத் தொகுதிக்கு முதல் தேர்தல் 1977-இல் நடந்தது. 2024 வரை அங்கே ஜெயித்தவர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வாழப்பாடி ராமமூர்த்தி, அர்ஜுனன், தம்பிதுரை, சேகர், தங்கபாலு, தீர்த்தராமன், பாரிமோகன், இளங்கோவன், செந்தில், தாமரைச்செல்வன், அன்புமணி, செந்தில்குமார், மணி. பதின்மூன்று தேர்தல், பதின்மூன்று பேர். ஒரு பெயர்கூட இரண்டாம் தடவை வரவில்லை.

கட்சி அப்படியே இருந்து ஆள் மட்டும் மாறியதும் உண்டு. 1998, 1999, 2004 மூன்றிலும் பா.ம.க.தான், எம்.பி. மூன்று பேர். 2019-லும் 2024-லும் தி.மு.க.; ஆனால் ஜெயித்த செந்தில்குமாருக்கு மறுபடி சீட் கிடைக்கவில்லை. ஊர் மாற்றியது பாதி, கட்சித் தலைமை மாற்றியது பாதி.

இப்படி யாரோடும் ஒட்டாத ஊர் ஓட்டுப் போடுவதிலும் அசட்டையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? 2024-இல் தமிழ்நாட்டின் மொத்த வாக்குப்பதிவு 69.72 சதவீதம். தருமபுரியில் 81.20, மாநிலத்திலேயே முதலிடம். கடைசி இடம் மத்திய சென்னைக்கு, 53.96. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகம் பதிவானது இதே மாவட்டத்துப் பாலக்கோட்டில்தான்: 87.33 சதவீதம். படித்தவர்கள்தான் பொறுப்பாக வாக்களிப்பார்கள் என்று நம்புகிறவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எழுத்தறிவில் சென்னை 90 சதவீதம். தருமபுரி 68.5, மாநிலத்தில் கடைசி.

சென்னைக்காரர்களை ஒரேயடியாகத் திட்டவும் வேண்டாம். சதவீதம் என்பது வகுத்தல் கணக்கு. கீழே இருக்கும் எண் வீங்கினால் விடை சுருங்கும். 2025 டிசம்பரில் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள், வீடு மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் 'ஓட்டுப் போடாத நகரம்' என்று வைதுகொண்டிருந்தோம்.

ஆனால் ஊரைவிட்டுப் போனவர்கள் தருமபுரியிலும் ஏராளம். மழையை நம்பிய நிலம். மழை பொய்த்தால் பெங்களூரு, ஓசூர், திருப்பூர், கேரளம். கட்டட வேலை, பனியன் கம்பெனி. வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் பிழைப்புக்குப் போன ஊருக்குப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. திருவிழாவுக்கு வருவதுபோல ஓட்டுக்கு வருகிறார்கள். வராவிட்டால் தெருவுக்கே தெரியும். பூத் சிலிப்போடு வீடு வீடாக ஏறும் கட்சிக்காரர் பங்காளியாகவோ மாமனாகவோ இருப்பார்.

அந்தக் கட்சிக்காரர் கையில், ஊர் யார் பக்கம் சாய்ந்தது என்ற கணக்கும் உண்டு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டிக்ஸ்வில் நாட்ச் என்று ஒரு குட்டி ஊர். நள்ளிரவிலேயே ஓட்டுப் போட்டு எண்ணிவிடுவார்கள். 2024-இல் ஆறு ஓட்டு, டிரம்புக்கு மூன்று, கமலா ஹாரிஸுக்கு மூன்று. அந்த ஊரின் சாய்வு உலகத்துக்கே தெரியும். நம் ஊரில் தனி ஆளின் ஓட்டு ரகசியம்; ஊரின் ஓட்டு ரகசியம் இல்லை. படிவம் 20-இல் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் யாருக்கு எத்தனை என்று அச்சாகிவிடுகிறது. எந்தத் தெரு யார் பக்கம், எந்தக் காலனி யார் பக்கம் என்று அடுத்த தேர்தல்வரை பேச அது போதும்.

அந்தப் பேச்சுக்கு இன்னொரு முகம் உண்டு. தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாயில் நக்சலைட் தோழர்கள் அப்பு, பாலன் இருவருக்கும் நினைவிடம் இருக்கிறது. தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்ன இயக்கம் ஒருகாலத்தில் வேரூன்றிய மண், 2024-இல் வாக்குப்பதிவில் முதலிடம்! அதே நாயக்கன்கொட்டாய்ப் பக்கம்தான் 2012 நவம்பரில் நத்தம் காலனியில் தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. பதினெட்டு மாதம் கழித்து வந்த தேர்தலில் அ.தி.மு.க. 39-இல் 37 இடங்களை அள்ளியபோது, அதற்கு அகப்படாத இரண்டில் ஒன்று தருமபுரி. பா.ம.க.வின் அன்புமணி 77,146 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வெற்றியைக் கூட்டணிக் கணக்கால் மட்டும் விளக்கினால் பாதியைத்தான் சொன்னதாகும். கூட்டம் கூட்டமாக வரிசையில் நிற்பதெல்லாம் ஜனநாயகப் பற்று என்று எனக்கு எழுத வராது. 'அவர்கள்' போட்டுவிடுவார்களே என்று 'இவர்கள்' முந்துவதும் அதில் இருக்கிறது.

ஆனால் சாதி எண்ணிக்கை மட்டுமே போதும் என்றால் அடுத்த தேர்தலிலும் அன்புமணியே ஜெயித்திருக்க வேண்டும். 2019-இல் 70,753 வாக்கில் தோற்றார். 2024-இல் அவர் மனைவி சௌமியா முதல் சுற்றுகளில் முன்னிலை காட்டிவிட்டு, கடைசியில் 21,300 வாக்கில் தோற்றார். அ.தி.மு.க. தனி அணியாக நின்று 2.9 லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தது. மும்முனைப் போட்டியில் ஒவ்வொரு ஓட்டையும் தேடிப் போக மூன்று கட்சிக்கும் அவசியம் இருந்தது. 2021-இல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோதும் மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளும் எதிரணிக்கே போயின.

ஓட்டுப் போடுவதுபோலவே, போடமாட்டோம் என்று சொல்லவும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2024-இல் பாலக்கோடு பக்கத்து ஜோதிஹள்ளி, ரயில் பாதையைக் கடக்க வழி கேட்டுத் தேர்தலைப் புறக்கணித்தது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலையில் வேறு கதை. வண்டி ஏறாத மலை அது. சில நூறு ஓட்டுக்காக, அந்தத் தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில்தான் ஏறிப் போயிற்று. பின்னாலேயே அதிகாரிகள் நடந்தார்கள்.