மின்வடமும் இன்னிசையும்



இன்னிசை கேட்பதில் மிக்க நாட்டமுடைய நண்பர் ஒருவர் எனக்குண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிப்பவர். நாதஸ்வர இசைத்தட்டுகளை இளமை தொட்டுச் சேர்த்து வைத்திருக்கும் அவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் தமது சேமிப்பில் ஒரு பெரும் பகுதியைச் செலவிட்டு, 'ஹைபை' என்று வழங்கப்பெறும் உயர்தர ஒலிக்கருவித் தொகுதி ஒன்றை வாங்கினார். தவில் ஓய்ந்து ஆலாபனை மெல்லத் தொடங்கும் இடங்களிலே, அவரை வருத்திய குறையொன்று வெளிப்பட்டது. 'ம்ம்' என்று வண்டு முரல்வது போன்ற ஓர் ஓசை, இசைக்கு அடியில் இடையறாது கேட்டுக்கொண்டிருந்தது.

கருவி விற்ற கடைக்காரர் இதற்கு மின்வடமே காரணம் என்றார். கருவியுடன் வந்த சாதாரண வடத்தை அகற்றிவிட்டு, பாம்பின் பருமனும் பளபளப்பும் கொண்ட வேறொரு வடத்தைக் கொடுத்தார். அதன் விலை ஐம்பதினாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. வடம் மாறிற்று, வண்டு போகவில்லை. மீண்டும் முறையிட்டபோது, கடையிலிருந்து வந்த உதவியாளர் அவ்வடத்தின் செருகியைத் திறந்து, பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பியைக் கழற்றி மடித்து ஒதுக்கிவிட்டுச் சென்றார். அக்கணமே ஓசை அடங்கிற்று. நண்பர் பெருமகிழ்ச்சியுடன் தொலைபேசியில் என்னை அழைத்து இதனைக் கூறினார். நான் மகிழவில்லை. கருவியைத் தொட வேண்டாம், சுவரிலுள்ள ஆளியை மூடிவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்லி, அன்று மாலையே அவர் இல்லத்துக்குச் சென்றேன்.

அங்கு நடந்ததைப் பின்னர் கூறுகின்றேன். சுவரிலிருந்து கருவிக்குச் செல்லும் இவ்வடம் உண்மையிற் செய்யும் பணி யாது என்பதை முதலில் நோக்குவோம்.

பலர் மனத்திலே, மின்வடத்தின் வழியே இசையும் பாய்ந்து வருகின்றது என்பது போன்ற எண்ணம் குடிகொண்டுள்ளது. அவ்வாறன்று. நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று அழுத்தமுடைய, செக்கனுக்கு 100 முறை திசை மாறும் ஆடலோட்டம். அம்பிளிபயர் இதனை உள்ளவாறே பயன்படுத்துவதில்லை. பெரும்பாலான அம்பிளிபயர்களிலே முதற்கண் நிலைமாற்றி அழுத்தத்தைக் குறைக்கின்றது. சீராக்கி அதனை ஒரே திசையிற் செல்லும் ஓட்டமாக மாற்றுகின்றது. பின்னர் கொள்ளளவிகள் என்னும் பெரிய உருளைகள் அம்மின்னைச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. இசை அச்சேமிப்பிலிருந்தே வலிமை பெறுகின்றது.

யாழ்ப்பாணத்துத் துலாக் கிணற்றைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. துலா இழுப்பவர் வாளி வாளியாக நீரை மொண்டு தொட்டியில் ஊற்றுகின்றார். தொட்டியின் அடித்துவாரத்திலிருந்து நீர் இடையறாது ஒழுகுகின்றது. வாளி விழும் அதிர்வு வாய்க்காலின் கடைசியில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. கொள்ளளவியே தொட்டி, செக்கனுக்கு 100 முறை, அலையின் உச்சிகளில் மாத்திரம், அது வாளி வாளியாக மின்னை வாங்கிக்கொள்கின்றது. மின்வடம் துலாக்கயிறு. கயிறு அறாதிருக்க வேண்டும், வழுக்காதிருக்க வேண்டும். பட்டுக் கயிற்றினால் இழுத்த நீர் தென்னந்தும்புக் கயிற்றினால் இழுத்த நீரிலும் இனிக்கும் என்று எவரும் சொல்வதில்லை.

சிறு கணக்கொன்று பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புடைய செப்புக் கம்பி வடத்தில், மீற்றருக்கு ஏறத்தாழ 0.02 ஓம் தடை உண்டு. வடம் ஒன்றரை மீற்றர் நீளமாயின், மின் போய் வருதற்கு மூன்று மீற்றர்; தடை 0.06 ஓம். அம்பிளிபயர் உச்சியில் 10 அம்பியர் அளவு மொண்டாலும், வடத்திலே இழக்கப்படுவது 0.6 வோல்ற்று. இருநூற்று முப்பதில் இது எம்மட்டு? இந்நாட்டில் மின் வழங்குவோர் அழுத்தத்தை நூற்றுக்கு 6 பங்கு வரை ஏறவும் இறங்கவும் விடலாம். அஃதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ற்று வரை. அயல் வீட்டார் நீர் இறைக்கும் இயந்திரத்தை முடுக்கும்பொழுது ஏற்படும் மாற்றம், விலையுயர்ந்த வடம் மீட்டுத் தருவதாகச் சொல்லும் அளவிலும் பன்மடங்கு பெரிது. மேலும், வீதியோர நிலைமாற்றியிலிருந்து வீட்டின் குதை வரை சாதாரணக் கம்பியிலே நெடுந்தூரம் வந்த மின், கடைசி ஒன்றரை மீற்றரில் மாத்திரம் புனிதமடைவது எங்ஙனம்?

கேட்போர் செவியையும் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள். 2004 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில், இசைக்கருவி ஆர்வலர் சிலர் ஒன்றுகூடி, எவ்வடம் பொருத்தப்பட்டுள்ளது என்பதை அறியாத நிலையில் சாதாரண வடத்தையும் பெருவிலை வடத்தையும் கேட்டுப் பிரித்தறிய முயன்றனர். கூறிய 149 விடைகளில் 73 சரியானவை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய இதுவே கிடைத்திருக்கும். கலந்துகொண்டோர் வடங்களை வெறுத்தவர்களல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வேறுபாடு கேட்கும் என்று நம்பி வந்தவர்கள் அவர்களுட் பலர். விலை கொடுத்து வாங்கியவர் நல்ல மாற்றத்தைக் கேட்டதாகக் கூறும்பொழுது அவர் பொய்யுரைக்கின்றார் என்று நான் எண்ணுவதில்லை. எதிர்பார்ப்புக்கும் செவி உண்டு.

அங்ஙனமாயின் எவ்வடமும் போதுமோ எனின், போதாது. தெரிவு செய்ய வேண்டியது உண்மையே. தெரிவு செய்யும் காரணமே வேறு.

வடத்தின் பருமன் கருவியின் தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். வானொலி, இசைத்தட்டுக் கருவி முதலிய சிறு கருவிகளுக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் தாராளமாகப் போதும். அம்பிளிபயருக்கு ஒன்று அல்லது ஒன்றரை கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் வடம் விறைத்து, கருவியின் பின்புறக் குதையைத் தன் பாரத்தினால் இழுத்துத் தளர்த்திவிடும். பருத்த வடத்தினால் விளையும் தீமை இது. இதனைக் கடைகளில் எவரும் சொல்வதில்லை. கம்பி செம்பாயிருத்தலும் அவசியம். மலிவான வடங்கள் சிலவற்றில் அலுமினியத்தின் மேல் மெல்லிய செப்புப் பூச்சு மாத்திரமே உண்டு. அதன் தடை செம்பினதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வளைத்து நிமிர்த்தினால் எளிதில் முறியும். கையிலே தூக்கினால் பாரம் குறைவாயிருக்கும். கம்பியிழையைச் சுரண்டினால் செந்நிறம் போய் வெண்மை தோன்றும். வடத்தின் மேற்பரப்பிலே பருமனும் நியமக் குறியீடும் அச்சிடப்படாதிருப்பின் அதனை வாங்காதிருப்பதே நன்று.

செருகி பொருந்துமிடத்திலேதான் பெரும்பாலான கேடுகள் நிகழ்கின்றன. பழைய வீடுகளில் உருண்டை முனையுடைய 5 அம்பியர், 15 அம்பியர் குதைகள் இன்னும் உள்ளன. பின்னர் சதுரமுனை 13 அம்பியர் செருகியே நாட்டின் நியமமாயிற்று. இரண்டுக்குமிடையே ஒன்றன்மேல் ஒன்றாக இணைப்பான்களைச் செருகித் தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். தளர்ந்த முனை சூடேறும், பொறி தெறிக்கும், 'பட், பட்' என்ற ஓசை ஒலிபெருக்கியிலும் கேட்கும். அம்பிளிபயரைப் பழுது பார்க்கக் கொண்டு செல்லுமுன் குதையைத் தொட்டுச் சூடு பாருங்கள். சதுரமுனைக் குதையின் மேல்துவாரத்திற் பேனா முனையைக் குத்தி, இரண்டு முனைச் செருகியை வலிந்து நுழைக்கும் வித்தையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அத்துவாரம் புவிக்கம்பிக்கு உரியது. அது மற்றைய இரு துவாரங்களையும் மூடும் கதவின் திறவுகோல். குழந்தையின் விரலும் ஊசியும் உள்ளே செல்லாதிருக்க அமைத்த காவல். பேனாவினால் அக்காவலை விலக்கப் பழகிய வீட்டிலே, குழந்தை அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனிப் புவிக்கம்பிக்கு வருவோம். வடத்தினுள்ளே மூன்று கம்பிகள் உள்ளன. மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமற்கம்பி, பச்சையும் மஞ்சளும் புவிக்கம்பி. பழைய வடங்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. முதலிரண்டுமே மின்னைக் கொண்டு சென்று திரும்புகின்றன. மூன்றாவது, ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாது காத்திருக்கின்றது. அம்பிளிபயரின் உள்ளே உயிர்க்கம்பி என்றேனும் கழன்று உலோகப் பெட்டியைத் தொடுமாயின், மின் இக்கம்பி வழியே நிலத்துக்குப் பாய்ந்து, உருகியை உருக்கி, கருவியை அக்கணமே செயலறச் செய்யும். புவிக்கம்பி இல்லையேல் உருகி உருகாது. பெட்டி 230 வோல்ற்று அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு அமைதியாக இருக்கும். இசையும் பெரும்பாலும் கெடாது. எவரேனும் வந்து தொடும் வரை ஒருவருக்கும் தெரியாது. ஒலிக்கருவித் தொகுதியிலே இன்னுமோர் அபாயம் உண்டு: ஒரு கருவியை மற்றொன்றுடன் இணைக்கும் ஒலிக்கம்பிகளின் உறை வழியே, அவ்வழுத்தம் இசைத்தட்டுக் கருவியின் உலோகப் பகுதிக்கும் ஏனையவற்றுக்கும் பரவிவிடும்.

நம் வீட்டில் 'றிப் சுவிச்சு' இருக்கின்றதே என்று சிலர் கேட்பர். இருத்தல் நன்று. பெரும்பாலும் 30 மில்லியம்பியர் ஒழுக்கிலே அது மின்னைத் துண்டிக்கும். ஆயின் புவிக்கம்பி உள்ளபோது, பழுது தோன்றிய கணமே, மனிதர் தொடுமுன்னரே அது விழுகின்றது. புவிக்கம்பி இல்லாதபோது ஒழுக்குக்கு வழி வேண்டும். அவ்வழி தொட்டவரின் உடம்பு. அச்சுவிச்சு பழுதடைந்திருப்பின் அவ்வளவே. அதிலுள்ள சோதனைப் பொத்தானைக் கடைசியாக எப்பொழுது அழுத்தினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

சில கருவிகள் இரண்டு கம்பி வடத்துடனேயே வருகின்றன. அவற்றின் முதுகில் ஒரு சதுரத்துள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கும். இரட்டைக் காவலிடப்பட்டவை என்பது அதன் பொருள். அவற்றுக்குப் புவிக்கம்பி வேண்டியதில்லை. மூன்று முனைக் குதையுடன் வந்த கருவிக்கு அச்சலுகை இல்லை.

நண்பர் இல்லத்துக்குத் திரும்புவோம். முதல் வேலையாகப் புவிக்கம்பியை உரிய இடத்திற் பூட்டினேன். வண்டு மீண்டும் முரன்றது. பின்னர் அம்பிளிபயருடன் இணைத்திருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் வந்த அலைவாங்கிக் கம்பியை இழுத்தவுடன் ஓசை நின்றது. காரணம் விளங்கிற்று. அக்கம்பி மாடிக் கட்டடத்தின் கூரையிலுள்ள பொது அலைவாங்கியிலிருந்து வருவது. அங்கே அது வேறோரிடத்தில் நிலத்துடன் தொடுக்கப்பட்டுள்ளது. அம்பிளிபயரோ சுவர்க் குதை வழியே நிலத்தைத் தொடுகின்றது. இரண்டு இடங்களுக்குமிடையே இருந்த சிறு அழுத்த வேறுபாடு, தொலைக்காட்சிக்கும் அம்பிளிபயருக்கும் இடையிலுள்ள ஒலிக்கம்பியின் உறை வழியே வளையமாகச் சுற்றி, 50 ஹேட்ஸ் மீடிறனும் அதன் மடங்குகளுமாகிய ஓசையை எழுப்பிற்று. உதவியாளர் புவிக்கம்பியைக் கழற்றியபோது அவ்வளையம் அறுந்தது உண்மையே. வளையத்தை அறுப்பதற்கு வேறு இடங்கள் இருந்தன. அவர் உயிரைக் காக்கும் இடத்தை அறுத்துவிட்டார்.

அலைவாங்கிக் கம்பியின் நடுவே, அலையை மாத்திரம் கடத்தி நிலத்தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தினோம். கையடக்கமான பொருள், விலையும் அந்த வடத்தின் விலையில் ஒரு சிறு பங்கே. ஓசை போயிற்று. ஏனைய கருவிகளுக்கெல்லாம் ஒரே சுவர்க் குதையிலிருந்து, நல்ல தரமான பலகுதைப் பலகை ஒன்றின் வழியே மின் கொடுத்தோம். இவ்வாறு செய்தால் எல்லாக் கருவிகளும் ஒரே புவித்தொடுப்பைப் பெறும். இசைத் தொகுதி முழுவதும் 400 வாற்று வாங்கினாலும், 13 அம்பியர் குதை ஏறத்தாழ 3000 வாற்றுத் தாங்கும், அஞ்சத் தேவையில்லை. ஆயின் அதே பலகையில் மின்னழுத்திப் பெட்டியையும் நீர் கொதிக்கும் கேத்தலையும் செருகுதல் ஆகாது. மின்வடங்களையும் ஒலிக்கம்பிகளையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டியிருந்தார். அவற்றைப் பிரித்து விலக்கி, குறுக்கிட வேண்டிய இடத்திற் செங்கோணமாகக் குறுக்கிட வைத்தோம்.

புறப்படும்போது சித்திரை மாத இடி முழங்கத் தொடங்கிற்று. ஏப்பிரலிலும், ஒற்றோபர் நவம்பரிலும், பிற்பகல்களில் இந்நாட்டில் வரும் இடி மின்னல்களை நேயர்கள் அறிவீர்கள். ஆளியை மூடினாற் போதும் என்று நண்பர் எண்ணியிருந்தார். ஆளியின் இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டன்று. இடிமுழக்கம் அண்மையிற் கேட்கத் தொடங்குமுன்னரே செருகியையும் அலைவாங்கிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். அப்பெருவிலை வடத்தைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நண்பர் அதனைச் சுருட்டி அலுமாரியில் வைத்துவிட்டார். கருவியுடன் முதலில் வந்த வடத்தினூடாகவே இன்றும் அவரது நாதஸ்வரம் ஒலிக்கின்றது.