நம் பேரில் வழக்கு இருக்கிறதா? நாமே பார்க்கலாம்



நம்மில் பலருக்குக் கோர்ட் என்றாலே பயம். "நாம என்ன தப்பு பண்ணினோம், நமக்கு எதுக்கு கோர்ட்டு?" என்று ஒதுங்கி விடுகிறோம். ஆனால் தப்பு செய்தவர் மேல் மட்டும் வழக்கு வருவதில்லை. நிலப் பாகம், வீட்டுப் பாதை, கடன் ஜாமீன் என்று எதற்கும் நம் பெயர் வழக்கில் சேரலாம். அது நமக்குத் தெரியாமலே நடக்கலாம் என்பதுதான் கவலை.

ஒரு உதாரணம் பார்ப்போம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலைக்குப் போகும் ஒரு சகோதரி. பிறந்த வீடு ராசிபுரம் பக்கம். அப்பா இறந்த பிறகு பூமிக்குப் பாகம் கேட்டு பங்காளி ஒருவர் வழக்குப் போடுகிறார். சகோதரியும் ஒரு பிரதிவாதி. ஆனால் மனுவில் எழுதிய விலாசம் பிறந்த வீட்டு விலாசம். சம்மன் அங்கேதான் போகும். வாங்க ஆள் இல்லை என்றால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். இவரோ சேலத்தில் இருக்கிறார். வாய்தாவுக்கு வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. பங்கு இருந்தும், போய்க் கேட்காததால் கை நழுவிப் போகலாம்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அதில் பத்திரப் பதிவுதான் தெரியும். நடக்கிற வழக்கெல்லாம் அதில் வராது.

அமெரிக்காவில் கோர்ட்டில் தாக்கலாகும் காகிதங்களைக் கம்ப்யூட்டரே கவனித்துக்கொண்டிருக்கும் வசதி உண்டு. ஒரு பெயரையோ சொல்லையோ கொடுத்து வைத்தால், அது வரும் வழக்கு தாக்கலானதும் தகவல் அனுப்பும். நம் நாட்டில் அரசு தரும் இலவச வசதி ஈ-கோர்ட்ஸ். இதில் நம் பெயரைக் கொடுத்து வைத்துவிட்டு, தகவல் தானாக வரும் என்று இருக்க முடியாது. நாம்தான் தேடணும். ஆனால் தேடுவது சுலபம்.

எப்படித் தேடுவது?

1. செல்போனில் 'ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது.

2. தமிழ்நாடு, பிறகு மாவட்டம், பிறகு கோர்ட் வளாகம் என்று தேர்ந்தெடுங்கள். இங்கேதான் கவனம் வேணும். நிலத்து வழக்கு, நிலம் இருக்கும் ஊர் கோர்ட்டில்தான் நடக்கும். நம் உதாரணச் சகோதரி சேலத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் என்று போட்டுத் தேடணும்.

3. கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடும் இடத்தில் நம் பெயரையும் வருடத்தையும் போடுங்கள். நடக்கும் வழக்கு, முடிந்த வழக்கு இரண்டையும் பாருங்கள்.

4. பெயர் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கும். சரஸ்வதி என்ற பெயரில் 'வி' போடுவோரும் உண்டு, 'டபிள்யூ' போடுவோரும் உண்டு. ஒரு எழுத்து மாறினாலும் வழக்கு கண்ணில் படாது. அதனால் முழுப் பெயர் போடாமல் முதல் நாலைந்து எழுத்து மட்டும் போட்டுப் பாருங்கள். அப்பா பெயர், அண்ணன் தம்பி பெயரிலும் தேடுங்கள். குடும்ப வழக்கு அப்படியும் அகப்படும்.

அதே பெயரில் வேறு ஆள் இருக்கலாம். உடனே பதற வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர் யார் என்று பார்த்தால் நம் வழக்கா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நம் வழக்குதான் என்றால், அதில் உள்ள சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 16 எழுத்தும் எண்ணும் கலந்தது அது. அந்த வழக்கைச் செயலியில் சேமித்து வைத்தால், திறக்கும்போதெல்லாம் அடுத்த வாய்தா தேதி தெரியும்.

வழக்கு வரும் என்று முன்பே சந்தேகம் இருந்தால் 'கேவியட்' மனு போடலாம். நமக்கு நோட்டீஸ் கொடுக்காமல் இடைக்கால உத்தரவு வாங்குவதை இது தடுக்கும். ஆனால் 90 நாள்தான் செல்லும். பிறகு புதிதாகப் போடணும்.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. தீர்ப்பான நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம். சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால், விஷயம் நமக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள் கணக்கு. எனவே தெரிந்த தேதியை எழுதி வையுங்கள். ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஒவ்வொரு குழுவிலும் செல்போன் நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஒரு சகோதரி இருப்பார். மாதாந்திரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடித்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவர் பெயரையும், பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டு இடத்திலும் போட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு முதலில் பார்த்துக் கொடுங்கள். பாஸ்புக்கை மாதாமாதம் சரிபார்க்கிற நாம், இதையும் பார்த்துவிடலாமே!