தபாலாபீஸும் சர்வகலாசாலையும்

ஒரு பத்திரிகையை அடக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. உத்தரவு போட்டு, பிரதிகளைப் பறிமுதல் செய்து, ஆசிரியரைக் கோர்ட்டுக்கு இழுப்பது ஒரு வழி. அவரை அறைக்கு அழைத்து, நாற்காலி கொடுத்து, இந்த ஒரு தடவை மட்டும் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளும்படி நயமாகச் சொல்வது மற்றொரு வழி. முதலாவது கொடுங்கோன்மை என்பது குழந்தைக்கும் தெரியும். இரண்டாவதை அப்பெயரிட்டு அழைக்கப் பெரியவர்களுக்கே நாக்கூசும். அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 1958, 1959ம் வருஷங்களில் ஒரே கட்டுக் கையெழுத்துப் பிரதிகள் இவ்விரண்டு வழிகளுக்கும் இலக்காயின. அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை நமது வாலிப அன்பர்கள், முக்கியமாகக் கல்லூரிகளில் பத்திரிகை நடத்துபவர்கள், தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

“சிக்காகோ ரெவ்யூ” என்பது அந்நகரத்துச் சர்வகலாசாலை மாணாக்கர் 1946ல் ஆரம்பித்த இலக்கியச் சஞ்சிகை. பெயரும் ஆதரவும் சர்வகலாசாலையினுடையவை, உழைப்பு மாணாக்கருடையது. 1958ல் அதன் ஆசிரியப் பொறுப்பு இர்விங் ராஸெந்தால் என்னும் மேல்வகுப்பு மாணாக்கரிடம் வந்தது. கவிதைப் பகுதியைக் கவனித்துவந்தவர் பால் காரல். பேராசிரியர்களின் பழைய ரசனைக்கு ஏற்றபடி இதழை நிரப்பியிருந்தால் இவர்களை யாரும் தொந்தரவு செய்திருக்க மாட்டார்கள். ஆனால் இவர்களோ ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்த புதுக் கவிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் பிரதிகளை வரவழைத்தார்கள். அவ்வருஷத்து வசந்த இதழ் அக்கவிஞர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கோடை இதழில் ஜென் பௌத்தம் விசேஷ இடம் பெற்றது. இலையுதிர் கால இதழிலோ வில்லியம் பர்ரோஸ் எழுதிக்கொண்டிருந்த “நேகட் லஞ்ச்” என்னும் நாவலின் ஒரு பகுதி வெளியாயிற்று.

பர்ரோஸின் எழுத்து நமக்கு உவப்பானதன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அபினி வகை மருந்துகளுக்கு அடிமைப்பட்ட மனத்தின் குமுறல்களை அருவருப்பு என்ற வேலியே இல்லாமல் கொட்டும் எழுத்து அது. வீட்டுக் கூடத்தில் உரக்கப் படிக்கத் தகுந்ததல்ல. ஆனால் நமது ருசி வேறு, அதைப் பிரசுரிக்கும் உரிமை வேறு. நமக்குப் பிடித்ததை அச்சிடுவதற்கு மட்டுமே சுதந்தரம் வேண்டுமானால், அதற்காக யாரும் சிறை செல்ல வேண்டியிருந்திராது.

1958 அக்டோபர் 25ந் தேதி “சிக்காகோ டெய்லி நியூஸ்” என்னும் தினசரியில் ஜாக் மேப்ளி என்பவர் எழுதிய பத்தி, சர்வகலாசாலையின் ஆதரவில் ஆபாசம் அச்சாகிறதென்று கண்டித்தது. தர்மகர்த்தாக்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டது. ஒரு தினசரி இன்னொரு பத்திரிகையின் மீது மேலதிகாரிகளை ஏவியது! நம் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. எழுத்து பிடிக்கவில்லையென்றால் எழுதிக் கண்டிக்கட்டும். யாரிடம் பணப்பை இருக்கிறதோ அவர் காதில் ஓதுவது எதற்காக?

அச்சமயம் சர்வகலாசாலையின் சான்ஸலராயிருந்தவர் லாரன்ஸ் கிம்ப்டன். அவரைக் கெட்டவராக்கிக் கதை சொல்ல நாம் விரும்பவில்லை. அவர் பதவியேற்ற காலத்தில் மாணாக்கர் தொகை குறைந்திருந்தது. நிதி நிலைமை சரியில்லை. சுற்றுப்புறம் சீர்குலைந்து வந்தது. இவற்றையெல்லாம் செப்பனிடக் கொடையாளிகளின் தயவு தேவை. அவருக்கு முன் அந்த ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த ராபர்ட் ஹட்சின்ஸோ, 1949ல் இல்லினாய் ராஜ்ய சட்டசபையின் கமிஷன் முன்னிலையில் நின்று, தம் ஆசிரியர்களும் மாணாக்கரும் ராஜத்துரோகிகள் என்ற குற்றச்சாட்டை நேருக்கு நேர் மறுத்தவர். பத்தாண்டுகூட ஆகவில்லை. வெளியிலிருந்து வந்த கமிஷனை எதிர்த்துக் கம்பீரமாக நின்ற அதே சர்வகலாசாலை, ஒரு தினசரிப் பத்திக்குத் தளர்ந்துவிட்டது.

தளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. தடையுத்தரவு ஒன்றும் பகிரங்கமாகப் பிறக்கவில்லை. குளிர்கால இதழ் எவ்விதத் தகராறுக்கும் இடமில்லாத சாதுவான இதழாயிருக்க வேண்டும் என்ற செய்தி டீன் மூலமாகத் தமக்கு வந்ததாக ராஸெந்தால் கூறினார். அவ்விதழுக்கென்று சேர்த்து வைத்திருந்தவை பர்ரோஸின் நாவலிலிருந்து மேலும் பல பகுதிகள், ஜாக் கெரோவாக்கின் “ஓல்ட் ஏஞ்சல் மிட்நைட்”, எட்வர்ட் டால்பர்க் எழுதியவை ஆகியன. அவற்றை விலக்கிவிட்டால் பத்திரிகை பிழைக்கும். விலக்காவிட்டால் பத்திரிகையே இராது. வக்கீல் தொழில் அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை உடனே உணர்வார்கள். ஆபாசம் என்று குற்றம் சாட்டினால் ருஜுப்பிக்க வேண்டும். எந்த வரி, எந்தச் சட்டம் என்று சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்க வேண்டும். புத்திமதி சொன்னவருக்கு இந்தச் சிரமம் ஒன்றும் கிடையாது. அதன்மேல் அப்பீலும் கிடையாது.

ராஸெந்தாலும் அவருடைய சகாக்களும் ராஜீனாமாச் செய்தார்கள். ஒருவர் மட்டும் தங்கினார். ஹியுங் வூங் பாக் என்னும் அவர் பின்னர் ஆசிரியரானார். விலகியவர்களைப் போற்றும் உற்சாகத்தில் தங்கியவரைத் தூற்றுவது சுலபம். நாம் அதைச் செய்யப்போவதில்லை. அவர் தங்கியிராவிட்டால் சஞ்சிகை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் குளிர்கால இதழுக்கென்று சேர்த்தவை அந்தப் பெயரின் கீழ் அச்சேறவில்லை என்பது நிஜம். நயமான வழி தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டது.

விலகியவர்கள் கையெழுத்துப் பிரதிகளைக் கையோடு எடுத்துச் சென்றார்கள். கையில் காசில்லை. 1959 ஜனவரி 29ந் தேதி சிக்காகோவின் ஷெர்மன் ஹோட்டலில் ஆலன் கின்ஸ்பெர்க், கிரெகரி கார்ஸோ, பீட்டர் ஆர்லாவ்ஸ்கி ஆகிய கவிஞர்கள் வந்து இவர்களுக்காகக் கவிதை வாசித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் டிக்கட் வாங்கிக் கேட்டார்கள். அக்கூட்டத்தை ஏற்பாடு செய்தது பெர்னார்ட் ஷாவின் பெயரால் நடந்துவந்த ஒரு சங்கம் என்பதைக் கிழவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். புதுச் சஞ்சிகைக்கு “பிக் டேபிள்” என்று பெயர் சொல்லிக் கொடுத்தவர் கெரோவாக். அடக்கப்பட்ட குளிர்கால இதழின் முழு உள்ளடக்கமும் இதுவே என்று முதல் இதழின் அட்டையிலேயே அச்சிட்டார்கள்.

இப்பொழுது தபாலாபீஸின் முறை. 1959 மார்ச்சில் சிக்காகோ தபால் அதிகாரிகள் அவ்விதழின் பிரதிகள் நானூறுக்கு மேல் தடுத்து வைத்தார்கள். தபாலில் அனுப்பத் தகாத ஆபாசம் என்பது காரணம். இலாகா தன் அதிகாரியைக் கொண்டே விசாரித்து, தன் கட்சியே சரியென்று முடிவு செய்துகொண்டது. போலீஸ்காரரே நீதிபதியாவது எந்த தேசத்திலும் இப்படித்தான் முடியும். ஆயினும் இங்கே ஒரு வித்தியாசம் இருந்தது: காகிதத்தில் ஓர் உத்தரவு இருந்தது. அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம் உதவிக்கு வந்தது. சஞ்சிகை சிக்காகோ போஸ்ட்மாஸ்டர் ஷ்ரோடரைப் பிரதிவாதியாக்கி ஐக்கிய நாட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது.

இவ்விடத்தில் சட்டத்தைச் சற்று விளக்குவது நலம். 1868ல் இங்கிலாந்தில் ஹிக்லின் வழக்கில் ஏற்பட்ட அளவுகோல், கெடக்கூடிய மனமுள்ளவர் கையில் புத்தகம் கிடைத்தால் என்னாகும் என்று பார்த்தது. அதன்படி எந்தக் காவியமும் தப்பாது. அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு 1957ல் ராத் வழக்கில் அதை நிராகரித்தது. சாதாரண மனிதன், அவன் வாழும் காலத்துச் சமூகத்தின் அளவுகோல், நூலின் முழுமையான நோக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று விதித்தது. பிக் டேபிள் வழக்கை விசாரித்த நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன், 1960ல் இந்த அளவுகோலைக் கொண்டு நிறுத்து, இதழ் ஆபாசமல்ல, தபாலில் செல்லலாம் என்று தீர்ப்பளித்தார். வாசகரை அதிரவைத்துச் சமூகத்தின் பழுதுகளைக் காட்டுவது காமத்தைத் தூண்டுவதாகாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அந்த ஹாஃப்மன் யார் தெரியுமா? 1969ல், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தவர்களின் மீது நடந்த சிக்காகோ சதி வழக்கில், பாபி ஸீல் என்னும் நீக்ரோத் தலைவரைக் கோர்ட்டிலேயே நாற்காலியில் கட்டி வாயை அடைக்கச் செய்த அதே நீதிபதி. அவர் தாராள மனமுடையவர் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது! அப்படிப்பட்டவரும், உத்தரவும் ரிக்கார்டும் எதிரில் வந்தபோது, மாணாக்கர் பக்கம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. தபாலாபீஸின் உத்தரவு ஓராண்டுச் சொச்சத்தில் விழுந்துவிட்டது. கிம்ப்டன் சொல்லியனுப்பியதை எந்தக் கோர்ட்டில் போய் ரத்துச் செய்வது?

மாணாக்கப் பத்திரிகாசிரியர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் இதழில் ஒன்றைச் சேர்க்க வேண்டாமென்று பெரியவர்கள் சொன்னால், மரியாதையுடன் எழுந்து நின்று, அதை எழுத்து மூலமாகத் தரும்படி கேளுங்கள். காரணத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள். பாதிப் பேர் அத்துடன் விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் எழுதித் தந்தால், அதை அச்சிடுங்கள்.

பிக் டேபிள் ஐந்து இதழ்களுடன் 1960ல் நின்றது. முதல் இதழுக்குப் பின் அதை நடத்தியவர் காரல். பர்ரோஸின் நாவல் 1959ல் பாரிஸில் புத்தகமாயிற்று. முன்னர் அதை வேண்டாமென்று திருப்பியனுப்பிய பிரசுரகர்த்தர், சிக்காகோக் கலவரத்தைக் கேட்ட பிறகு ஆளனுப்பிக் கேட்டு வாங்கினார். 1962ல் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. 1966ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றமும் அது ஆபாசமல்லவென்று தீர்த்தது. சிக்காகோ ரெவ்யூ இன்றளவும் வெளிவருகிறது. அதன் ஆசிரியர் குழுவில் இன்றும் மாணாக்கரே இருக்கிறார்கள்.